நூற்றெண்பதாவது தப்படி

ஜனவரி 6, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். இல்லையென்றால் பைப் கம்பெனிக்காரன் வருடா வருடம் கொடுக்கும் டைரி, என் வீட்டுக்காரி பாவாயி கோலம் போட்டுப் பார்க்கத்தான் ஆகும்.

இரண்டு வருடமாக, நடந்தால் இடது கெண்டைக்கால் முறுக்கிப் பிழிகிறது. நின்றால் மூன்று நிமிடத்தில் போய்விடும். நின்றால் போகிற வலிக்கு எதற்கு வைத்தியம் என்று நின்று நின்றே காலத்தை ஓட்டினேன். "நீங்க பாதி ரோட்டுல நிக்கறதப் பாத்தா எனக்கு மானமே போகுதுங்க" என்று பாவாயிதான் கோயமுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ரத்தக்குழாய்க்கென்றே தனி டாக்டர் இருக்கிறார்கள் என்பது இன்றைக்குத்தான் தெரியும். டாக்டர் மெர்லின். என் மகள் வயது. கையில் கட்டும் பிரஷர் பட்டையைக் கணுக்காலில் கட்டி, பேனா மாதிரி ஒன்றைப் பாதத்தின் மேல் வைத்தார். வலது காலில் "புஸ், புஸ்" என்று சத்தம் வந்தது. நல்ல மோட்டார். இடது காலில், மாடு மிதித்த ஹோஸில் தண்ணீர் வருகிற மாதிரி ஒரு முனகல். கை அழுத்தத்தில் பத்துக்கு ஆறு பங்குதான் கணுக்காலுக்குப் போய்ச் சேருகிறதாம்.

"தொடையில இருந்து முழங்காலுக்கு இறங்கற பெரிய குழாய் அடைச்சிருக்குங்க. பக்கத்துல இருக்கற சின்னச் சின்னக் கிளைகள்தான் உங்க காலைக் காப்பாத்திட்டிருக்கு."

"அடைச்ச பைப்பக் கழட்டிப்போட்டு வேற மாட்டிருங்க டாக்டர். நல்ல சாமானா நானே தர்றேன்."

"முப்பது வருசம் சிகரெட் புடிச்சு நீங்களே அடைச்சது அது. நான் புதுசு மாட்டினா அதையும் அடைச்சிருவீங்க."

கெட்டிக்காரி. கடையில் சேர்த்துக்கொள்ளலாம்.

வைத்தியம் இதுதான். தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். வலி வந்தால் நிற்க வேண்டும். வலி போனால் மறுபடி நடக்க வேண்டும். அப்படிக் காலை வற்புறுத்தினால் கிளைக் குழாய்கள் தாமாகப் பெருத்து, அடைத்த குழாயின் வேலையைப் பார்க்குமாம். மூன்று மாதம் தவணை. முதலில் நிற்கும் இடம் தள்ளிப் போகவில்லை என்றால் ஆபரேஷன். சிகரெட்டையும் விடவில்லை என்றால் காலையே எடுக்கிற நிலை வரலாம். இந்தக் கடைசிப் பேச்சை டாக்டர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பாவாயியைப் பார்த்துச் சொன்னார்.

மெயின் லைன் அடைத்துவிட்டால் சைடு லைனில் ஒன்றும் பெருகாது, புதுசு வாங்கிப் போடு என்று முப்பது வருடமாக விவசாயிகளிடம் சொல்லிச் சொல்லியே தாராபுரத்தில் மூன்று மாடி கட்டியவன் நான். என் காலே என் வியாபாரத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறது.

எழுத வேண்டியது: முதலில் எத்தனையாவது தப்படியில் நின்றேன், எத்தனை நிமிடம், சிகரெட் எத்தனை.

ஜனவரி 7, செவ்வாய்

முதல் நிற்பு: 180. மூன்று நிமிடம். சிகரெட்: 0.

கடையிலிருந்து கிழக்கே கடைவீதியில் நடந்தேன். எண்ணிக்கொண்டே போனதில் நூற்றெண்பதில் கால் பிடித்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அர்த்தநாரியின் வைண்டிங் கடை. ஊரில் நிற்க வேறு இடமே இல்லையா?

அர்த்தநாரி எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். ஒரு காலத்தில் நானும் அவனும் கூட்டாகத்தான் தொழில் செய்தோம். அவனாக விலகிப் போனான். பேச்சு நின்று பதினோரு வருடம் ஆகிறது.

குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் நின்று சமாளித்தேன். பைப் கடை நாச்சிமுத்து காலை இழுக்கிறான் என்று கடைவீதிக்குத் தெரிந்தால் மோட்டார் கம்பெனிக்காரன் எனக்குக் கொடுத்திருக்கும் ஏஜென்சிக்கு அடுத்த மாதமே வேறு ஆள் தேடுவான். அவன் இடத்தில் நானாக இருந்தால் இந்த மாதமே தேடுவேன்.

ஜனவரி 8, புதன்

180. அதே இடம். போன் பேசுவதுபோல் நின்றேன். சிகரெட்: 0 (வீட்டில்).

ஜனவரி 10, வெள்ளி

எதற்கு வம்பு என்று இன்று மேற்கே நடந்தேன். அந்தப் பக்கம் நூற்றெண்பதாவது தப்படி டாஸ்மாக் கடை வாசல். மூன்று நிமிடத்தில் நாலு பேர் கும்பிட்டார்கள். ஒருவன் "வாங்கித் தரட்டுங்களா முதலாளி, நீங்க எதுக்கு வரிசையில நின்னுட்டு?" என்றான்.

நாளையிலிருந்து கிழக்கே.

ஜனவரி 13, திங்கள்

178. சிகரெட்: 2. (டாக்டர் அவர்களுக்கு: நான் எழுதும் 2 என்பது 5. சரக்கு வாங்கும்போது குறைத்தே கேட்டுப் பழகிய வாய், எழுதினாலும் அப்படித்தான் வருகிறது.)

குளிக்கும்போது டாக்டர் காட்டிக்கொடுத்த இடத்தில் தொட்டுப் பார்த்தேன். பாதத்தின் மேலே, கட்டைவிரல் நரம்புக்குப் பக்கத்தில். வலது பாதத்தில் நாடி துடிக்கிறது. இடது பாதத்தில் ஒன்றுமில்லை. ஆள் இல்லாத வீட்டின் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. உள் கணுக்காலுக்குப் பின்னாலும் தேடினேன். அங்கேயும் இல்லை. வெளியிலிருந்து பாவாயி "என்னங்க இத்தன நேரம்?" என்றாள். "சோப்பு வழுக்கிப் போச்சு" என்றேன்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். கடைவீதி காலி. யார் பார்க்கப்போகிறார்கள் என்று நிம்மதியாக நின்றேன். 181.

ஜனவரி 17, வெள்ளி

180. செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து குரல் வந்தது.

"பத்து நாளா அந்த வாரு அறுந்துட்டே இருக்குதுங்களா முதலாளி?"

பதினோரு வருடத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. 'டேய் நாச்சி' என்று கூப்பிட்டவன் 'ங்க' போட்டு 'முதலாளி' என்கிறான். செருப்பால் அடித்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

"புதுச் செருப்பு" என்றேன்.

"பாத்தாலே தெரியுதுங்க" என்றான். தேய்ந்த குதியை எட்ட இருந்தே பார்த்துவிட்டான்.

ஜனவரி 20, திங்கள்

180. கடைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அவன் உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். நான் உட்காரவில்லை. மூன்று நிமிடம் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

ஜனவரி 21, செவ்வாய்

180. உட்கார்ந்தேன். வெயிலாக இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

180. எட்டு நிமிடம்.

உட்கார்ந்ததும் அர்த்தநாரி கம்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் காலைப் பார்த்தான்.

"எடது கெண்டைக்காலுங்களா?"

"ஒண்ணுமில்ல. சும்மா காத்தாட."

"எங்கண்ணனும் இப்படித்தான் காத்தாட நின்னுட்டிருந்தான். போஸ்ட் ஆபீசு கிட்ட ஒருக்கா, பள்ளிக்கூடத்துகிட்ட ஒருக்கா. அப்பறம் வெரலு கருத்துப்போச்சு. அப்பறம் முழங்காலுக்குக் கீழ எடுத்தாங்க. எடுத்து ஆறு மாசத்துல அவனும் போயிட்டான்."

அவன் அண்ணன் இறந்தது எனக்குத் தெரியும். மாலை அனுப்பினேன், கடை ஆள் கையில். கால் எடுத்த விஷயம் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

"யாருகிட்டயும் சொல்லீறாத" என்றேன். என்னை அறியாமல் பழைய ஒருமை வந்துவிட்டது.

"நான் யாருகிட்டங்க சொல்லப்போறேன்? உங்க மோட்டார் கம்பெனி ஆளு காயில் கட்டக் குடுக்கறதுக்கு மாசம் ரெண்டு தடவ இங்க வந்து உக்கார்றான். சொல்லோணும்னா பத்து நாள் முன்னாலயே சொல்லியிருப்பேன்."

இவ்வளவு நல்ல துருப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடாமல் இருக்கிறான். அதனால்தான் இன்னும் காயில் கட்டிக்கொண்டிருக்கிறான்.

ஜனவரி 27, திங்கள்

180. நாற்காலி இல்லை. கேட்டேன்.

"சட்டையில சிகரெட்டு நாத்தம் வருதுங்க. அந்த நாத்தத்தோட வந்தா சேர் போடமாட்டேன். எங்கண்ணனுக்குப் போட்ட தப்ப ரெண்டாவது தடவ செய்யமாட்டேன்."

மூன்று நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். என் கடைக்கு நூறு நாற்காலி வாங்கிப்போட வக்கிருக்கிறவனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இல்லையென்றதும் ரோஷம் வந்தது. சிகரெட்: 3 (=3).

பிப்ரவரி 1, சனி

சிகரெட்: 0. இது நிஜமான சைபர். நாற்காலி கிடந்தது. பாவாயி மேல், கடைப் பையன்கள் மேல், மின்வாரியத்தின் மேல் எரிந்து விழுந்தேன். 195.

பிப்ரவரி 6, வியாழன்

215 வரை போயிருக்கலாம். நாற்காலி போட்டு வைத்திருக்கிறானே என்று 180-இல் உட்கார்ந்தேன். பன்னிரண்டு நிமிடம்.

ஆபரேஷன் செய்தால் எப்படிச் செய்வார்கள் என்று அர்த்தநாரி கேட்டான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கணுக்காலிலிருந்து தொடை இடுக்கு வரைக்கும் தோலுக்கடியில் நீளமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. பாதத்து ரத்தத்தை மேலே இதயத்துக்குக் கொண்டுபோகிற குழாய். அதை உருவி எடுத்து, அடைத்த குழாய்க்குப் பக்கத்தில் மாற்றுவழியாகத் தைத்துவிடுவார்கள்.

"அப்ப மேல போற ரத்தம்?"

"உள்ளால வேற குழாய் இருக்குதாமா. அது பாத்துக்குமாம்."

"சரி, மேல ஏத்தற குழாய கீழ எறக்கறதுக்கு வெச்சா வேல செய்யுமா?"

இங்கேதான் எனக்கே ஆச்சரியம். அந்தக் குழாய்க்குள் ஜாண் ஜாணுக்கு வால்வு இருக்கிறது. ஏறின ரத்தம் திரும்ப இறங்காமல் பிடிக்கிற ஒருவழி வால்வு. நான் கிணற்றுக்கு விற்கிறேனே, அதேதான். அதனால் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்களாம்.

அர்த்தநாரி கம்பியைக் கீழே போட்டான். "வால்வு இருந்தா மட்டும் தண்ணி ஏறுமாடா? மோட்டார் எங்க இருக்குது?"

"கெண்டைக்கால் சதைதான் மோட்டாராமா. நடக்கறப்ப அது அமுக்கி அமுக்கி மேல தள்ளுமாமா."

"அடப்பாவி. அப்ப நாப்பது வருசமா உக்காந்தே காயில் கட்டறனே, என்ற மோட்டாரு?"

எழுந்து கடைக்குள் நாலு நடை நடந்தான். ஒரு வாடிக்கையாளர் வந்து பார்த்துவிட்டு, எதையோ தொலைத்துவிட்டான் என்று நினைத்து அவரும் கீழே தேடினார். நான் சிரித்துவிட்டேன். அவனும்.

'டா' போட்டதை அவன் கவனித்த மாதிரி தெரியவில்லை. நான் கவனித்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

180. பதினைந்து நிமிடம். சிகரெட்: 0.

கடைக்கு வந்தால் பைப் லோடு லாரிக்காரன் வழி தெரியாமல் புறவழிச்சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். போனை எடுக்கவில்லை. நானே தெற்கு வீதி முனை வரைக்கும் வேகமாக நடந்தே விரட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். ஆள் வைத்து ஒரு பிரயோசனமும் இல்லை.

பிப்ரவரி 19, புதன்

180. போண்டா நன்றாக இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

180. இருபது நிமிடம்.

பாத்திரக்கடை கந்தப்பன் வழிமறித்து, "என்னங்க, அர்த்தநாரி கடைக்கு விலை படிஞ்சுதுங்களா?" என்றான். தினமும் போய் உட்காருகிறேன் அல்லவா, இடத்தை வளைக்கப் பார்க்கிறேன் என்று வீதி முழுக்கப் பேச்சாம். நாச்சிமுத்து ஒரு வாசலில் காரணமில்லாமல் உட்காருவான் என்று ஒருத்தனுக்குக்கூடத் தோன்றவில்லை. முப்பது வருட உழைப்பில் சம்பாதித்த பெயர்.

அர்த்தநாரியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நெசமா இல்லியே?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஏஜென்சி விஷயத்தை மனதில் வைத்துத்தான் கேட்கிறான். பதினோரு வருடம் முன்பு இரண்டு பேரும் சேர்ந்துதான் கோயமுத்தூர் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். ஏஜென்சி என் பெயரில் வந்தது. கம்பெனிக்காரன் ஒரு பெயர் போதும் என்றான், நான் என்ன செய்ய? அவன் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்விட்டான். அதற்குப் பிறகு பேச்சில்லை. இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லட்டும்.

மார்ச் 3, திங்கள்

180.

மார்ச் 4, செவ்வாய்

180. பருப்பு வடை.

மார்ச் 12, புதன்

180. அரை மணி நேரம். அர்த்தநாரி மகனுக்குத் திருப்பூரில் வேலை. பேத்தி பேசத் தொடங்கிவிட்டாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். பதினோரு வருடத்தில் கேட்பதற்கு நிறைய சேர்ந்திருக்கிறது.

பிறகு கோயில் தேர் நிற்கும் தேர்முட்டி வரை நடந்தேன். நடுவில் நிற்கவில்லை. நிற்பதற்கு அங்கே யாரும் இல்லை.

மார்ச் 20, வியாழன்

180. இடது பாதத்தில் நாடி இன்னும் இல்லை. பாதம் மட்டும் முன்பு போல் சில்லென்று இல்லை. பங்குனி வெயிலாக இருக்கும்.

ஏப்ரல் 7, திங்கள்

கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும்.

டாக்டர் மெர்லின் இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினார். சிகரெட் பக்கங்களைப் பார்த்து ஒரு தலையாட்டல். போண்டா, வடையில் ஒரு முறைப்பு. பிறகு நீளமாக எழுதியதையெல்லாம் படிக்காமல் தள்ளிவிட்டு, எண்களை மட்டும் பேனாவால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். நூற்றெண்பது, நூற்றெண்பது, நூற்றெண்பது.

"நடுவுல ஒரு நாள் தவிர, மூணு மாசத்துல ஒரு தப்படிகூட முன்னேற்றம் இல்லைங்களே."

நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"நிக்கற நேரம் வேற கூடிட்டே போகுது. மூணு நிமிசம் இருந்தது அரை மணி நேரம் ஆயிருக்கு. வலி போறதுக்கு அரை மணி நேரம் ஆகுதுன்னா நிலைமை மோசமாகுதுன்னு அர்த்தங்க. இனித் தள்ளிப்போட முடியாது. வியாழக்கிழமை அட்மிட் ஆகிடுங்க. குழாயைப் படம் எடுத்துப் பாத்துட்டு பைபாஸ் பண்ணிரலாம்."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்கு வலியே இல்லை டாக்டர், நான் அங்கே உட்காருவது வேறு காரணத்துக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பாவாயி பக்கத்தில் இருந்தாள். அர்த்தநாரி பெயரை என் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று பதினோரு வருடம் முன்பு சட்டம் போட்டவன் நான். அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக அவள் சேலை எடுத்து வைத்தபோது, திரும்ப பீரோவில் வைக்கச் சொன்னவன் நான். அந்த ஆளோடு உட்கார்ந்து வடை தின்றதால்தான் நூற்றெண்பதைத் தாண்டவில்லை என்று எந்த மூஞ்சியோடு சொல்வது? அதைவிடக் காலை அறுத்துக்கொள்வது சுலபம் என்று ஒரு நிமிடம் நிஜமாகவே தோன்றியது. வியாபாரி போடுகிற கணக்கா இது?

நர்ஸ் சம்மதப் படிவம் கொண்டுவந்து வைத்தாள். "இங்க நீங்க, இங்க கூட வந்தவங்க."

அடியில் இரண்டு கோடு. பக்கத்துப் பக்கத்தில்.

அந்த ஏஜென்சிப் படிவத்திலும் இப்படித்தான் இருந்தது. இரண்டு கோடு. ஒரு பெயர் போதும் என்று கம்பெனிக்காரன் சொல்லவில்லை. "பார்ட்னர் இருந்தா அவரும் போடலாம்" என்றுதான் சொன்னான். நான் ஒரு கோட்டில் கையெழுத்துப் போட்டேன். இன்னொன்றில் குறுக்கே கோடு இழுத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் படிக்கிற டைரி என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைப் பாவாயியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நான் போடமாட்டேனுங்க."

"பயப்படாதீங்கம்மா, இது சாதாரணமா பண்றதுதான்" என்றார் டாக்டர்.

"பயமெல்லாம் இல்லீங்க. இவுருக்குக் காலு வலிச்சா அங்க உக்கார்றாரு? நான் புதன்கிழமை புதன்கிழமை காய் வாங்க அந்தப் பக்கம்தான் போறேன். ஒரு நாளாச்சும் கெண்டைக்காலப் புடிச்சுட்டு உக்காந்திருந்தாரான்னு கேளுங்க. கால் மேல கால் போட்டுட்டு வடை தின்னுட்டிருக்காரு. அங்க இவரு சிநேகிதர் கடை இருக்குதுங்க டாக்டர். அர்த்தநாரி அண்ணன் கடை."

பதினோரு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் சுவரில் மாட்டியிருந்த கால் படத்தைப் பார்த்தேன். சிவப்புக் குழாய் கீழே, நீலக் குழாய் மேலே.

டாக்டர் எழுந்து, "செருப்பைக் கழட்டிட்டு அந்த மெஷின் மேல ஏறுங்க" என்றார்.

ஓடுகிற பட்டையின் மேல் நடந்தேன். ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். ஏழாவது நிமிடத்தில்தான் கால் லேசாகப் பிடித்தது. நானே எண்ணவில்லை, நர்ஸ் எண்ணினாள், அறுநூற்றுச் சொச்சம் தப்படி. இறங்கினதும் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார் டாக்டர். "நாடி வராதுங்க. கிளை வழியா சுத்தி வர்ற ரத்தத்துக்குத் துடிப்பு தெரியாது. ஆனா வந்து சேருது. பெரிய குழாய் அடைச்சதுதான், அது திறக்காது. அதைச் சுத்தி வேற வழி உண்டாகியிருக்கு."

படிவத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

"இன்னும் மூணு மாசம் நடக்கணும். ஆனா ஒண்ணு. வலி வராம எங்கேயும் நிக்கக் கூடாது. அந்தக் கடையிலயும் கூடாது. சுகமா உக்காந்தா கிளை வளராது."

பஸ்ஸில் பாவாயி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பல்லடம் தாண்டினதும், "அண்ணன் பேத்திக்கு என்ன பேருங்க?" என்று கேட்டாள். சொன்னேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதல் நிற்பு: 612. வலி உண்டு. இரண்டு நிமிடம். சிகரெட்: 0.

நூற்றெண்பதில் நாற்காலி கிடந்தது. பக்கத்தில் காகிதத்தில் பொட்டலம். அர்த்தநாரி என்னைப் பார்த்து எழுந்தான். நிற்கக் கூடாது என்ற ஒரே நினைப்பில் எண்ணிக்கொண்டே போய்விட்டேன். எண்ணிக்கை விட்டுப்போகும் என்று கையைக்கூட ஆட்டவில்லை. தேர்முட்டிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது நாற்காலி இல்லை.

"வாங்க முதலாளி" என்றான். கண் கம்பியில் இருந்தது.

"டாக்டரு நிக்கக் கூடாதுன்னுட்டாங்கடா. வலி வந்தாத்தான் நிக்கோணுமாமா."

"செரிங்க. கால் நல்லாயிருச்சு. இனி எங்ககிட்ட நின்னு ஆகப்போறது என்னங்க இருக்குது?"

"அட, நாஞ் சொல்றது..."

"அன்னைக்கும் நீங்க நிக்காமத்தான் போனீங்க."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"அர்த்தநாரி, அந்தத் தாள்ல ரெண்டு கோடு இருந்துச்சு."

"தெரியும்."

கம்பியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவனே சொன்னான்.

"கம்பெனிக்காரன் எங்கிட்டயும் சொன்னான். உங்க பார்ட்னரு உள்ள கையெழுத்துப் போடறாரு, அடுத்தது உங்களத்தான் கூப்புடுவாரு, பெஞ்சுல உக்காருங்கன்னான். உக்காந்தேன். நீ வெளிய வந்த. எம்முன்னாலயே நடந்து போன. கார்ல ஏறுன. எதையோ மறந்துட்டுப் போற, திரும்பி வருவேன்னு நாலு மணி வரைக்கும் அந்த பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். அப்பறம்தான் பஸ் ஏறுனேன்."

'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. இந்தத் தடவை அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

எந்தக் கொம்பனிடமும் பேரம் பேசி ஜெயிக்கிற வாய். "டேய்" என்று மட்டும் வந்தது. அதற்கு மேல் சரக்கு இல்லை.

"போ. வெயில் ஏறுது" என்றான்.

கடைக்குத் திரும்பும் வழியில் பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கினேன். பிரிக்கவில்லை. பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரன் காசைக் கொடுத்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டான்.

ஏப்ரல் 9, புதன்

முதல் நிற்பு: 631. வலி உண்டு. சிகரெட்: 0.

போகும்போது அவன் கடை வாசலில் நாற்காலி இல்லை. அவனும் தலையைத் தூக்கவில்லை. நான் எண்ணிக்கொண்டே தாண்டினேன். எண்ணுகிற வாய் எண்ணிக்கொண்டே இருந்தது.

திரும்பும்போது போய் வாசலில் நின்றேன். காலில் வலி ஒன்றும் இல்லை. டாக்டர் அவர்களுக்கு: இது நடையில் சேராது, நடை முடிந்த பிறகு நின்றது.

அவன் காயில் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு விவசாயி எரிந்துபோன மோட்டாரோடு வந்தார், பேசினார், வைத்துவிட்டுப் போனார். என்னை யாரோ கூலிக்காரன் என்று நினைத்து மோட்டாரை ஒரு கை பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மறுபடி வாசலுக்கு வந்து நின்றேன். எதிர்ச்சாரியில் கந்தப்பன் பாத்திரத்தைத் துடைத்த துணியோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தான். பார்க்கட்டும். பத்து நிமிடம் இருக்கும். கம்பியின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்த பிறகுதான், தலையைத் தூக்காமலே அர்த்தநாரி வாயைத் திறந்தான்.

"சேர் உள்ளதான் கெடக்குது. நீயே எடுத்துப் போட்டு உக்காரு. காலுதான் நல்லாயிருச்சல்ல?"